சேற்றுப் பாதைக்குப் பிறகு பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது: டைனமோ போச்சா, வயரிங்கா?

#1 · போடிமெட்டு

வண்டி 2.5 லிட்டர் டர்போ டீசல் ஜீப், பி.எஸ். 3 (புகை விதி) காலத்தது. 75 ஆம்ப்-ஹவர் பேட்டரி, தண்ணீர் ஊற்றும் வகை. ஆல்டர்னேட்டர் (கடைகளில் டைனமோ என்பது இதைத்தான்) 70 ஆம்ப், பிரேக் வாக்குவம் பம்ப் அதன் முதுகிலேயே இருக்கிறது. ஈ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்) எதுவும் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்துவதில்லை.

வீல் ஹப் முழுகும் அளவுக்கு ஓடைத் தண்ணீர், அதைத் தாண்டியதும் செம்மண் சேறு, பிறகு கொழுக்குமலைப் பாதை மாதிரி உருண்டைக் கல் ஏற்றம். இறங்கி வந்ததிலிருந்து பேட்டரி விளக்கு லேசாக எரிகிறது. பகலில் தெரியாது, இருட்டில் தெரியும். ஹெட்லைட் போட்டால் கொஞ்சம் கூடுகிறது.

பேட்டரி முனையில் எடுத்த அளவுகள்:

காலையில் இன்ஜின் போடும் முன்: 12.28 வோல்ட்
ஐடிலிங், லோடு இல்லாமல்: 13.3
2000 ஆர்.பி.எம்., லோடு இல்லாமல்: 13.5
2000 ஆர்.பி.எம்., ஹெட்லைட், ஃபாக் லாம்ப், ப்ளோயர் எல்லாம் போட்டு: 12.6

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கொஞ்ச நேரம் கத்துகிறது. எலக்ட்ரிக் கடையில் முழு டைனமோவையும் மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் என்ன பார்க்கலாம்?

#2 · பழையடைனமோ

சுலபமான வழி இருக்கு தம்பி. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. இன்ஜின் நின்னா டைனமோ காலி, ஓடுனா டைனமோ நல்லது.

#3 · கார்பன்பிரஷ்

அண்ணே, அதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். கட்-அவுட் (பேட்டரி கரண்ட் திரும்பி வராமல் தடுக்கும் சுவிட்ச்) தனிப் பெட்டியாக இருந்த பழைய அசல் டைனமோ காலத்து வழக்கம் அது. ஆல்டர்னேட்டர் 30, 40 ஆம்ப் தள்ளிக்கொண்டிருக்கும்போது பேட்டரியை எடுத்துவிட்டால் ரோட்டரில் (உள்ளே சுழலும் மின்காந்தம்) தங்கிய காந்தப்புலம் உடனே அடங்காது. போக இடமில்லாத கரண்ட் வோல்டேஜைத் தூக்கிவிடும். 12 வோல்ட் வண்டியில் 80, 100 வோல்ட் வரைக்கும் ஏறும், அரை நொடிக்குள்தான், ஆனால் ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது), டயோடு (ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுவது), மீட்டர், ஸ்டீரியோ போக அது போதும். அதோடு அந்தச் சோதனையால் தெரிவதும் ஒன்றுமில்லை. மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் இன்ஜின் ஓடுவதற்கு ஸ்டாப் சோலினாய்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் வால்வு) வேண்டிய ஓர் ஆம்ப் இருந்தாலே போதும். பாதி செத்த ஆல்டர்னேட்டரும் அதைக் கொடுத்துவிடும்.

போடிமெட்டு தம்பி, நீங்கள் கொடுத்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது வோல்டேஜ் கணக்கை விட விளக்கு. அதன் ஒரு கால் இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் பேட்டரி பக்கம். மறு கால் ஆல்டர்னேட்டரின் எல் (விளக்கு) முனையில். இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் இருந்தால் விளக்கு அணையும். ஆல்டர்னேட்டர் செத்தால் எல் முனை பூஜ்யத்துக்குப் பக்கம் இறங்கி விளக்கு பளிச்சென்று எரியும். மங்கலாக எரிந்தால் இரு பக்கமும் ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசம் என்று அர்த்தம். எந்தப் பக்கம் கூட, எந்தப் பக்கம் குறைவு என்பது பல்புக்குத் தெரியாது. ஆல்டர்னேட்டர் நன்றாகவே உற்பத்தி செய்து, அது பேட்டரிக்குப் போய்ச் சேராவிட்டாலும் இதே மங்கல்தான் வரும். லோடு ஏற்றினால் வெளிச்சம் கூடுகிறது என்கிறீர்கள். என் சந்தேகம் வயர் பக்கம்தான். டயோடு ஒன்று போனாலும் இப்படி எரியும் என்பதால் அதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

எதையும் கழட்டாதீர்கள். 2000 ஆர்.பி.எம்-இல் நிறுத்தி, எல்லா லோடும் போட்டபடி இந்த ஐந்தையும் எடுங்கள்.

1. ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலிருந்து (பேட்டரிக்குத் தடித்த வயர் கிளம்பும் இடம்) ஆல்டர்னேட்டர் உடம்புக்கு.
2. பேட்டரி பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு. கிளாம்பில் வேண்டாம், ஈயக் குமிழிலேயே முனையை அழுத்துங்கள்.
3. பி பிளஸ் போல்ட்டிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் குமிழுக்கு.
4. ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கு.
5. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து மறுபடி பி பிளஸ்ஸிலிருந்து உடம்புக்கு.

மூன்றாவது 0.3 வோல்ட்டுக்குள், நான்காவது 0.2-க்குள் இருக்க வேண்டும். ஐந்தாவது 0.1-க்குக் கீழே இருந்தால் டயோடு நலம், 0.5 தாண்டினால் டயோடு பிளேட்டைச் சந்தேகப்படலாம்.

சின்ன மஞ்சள் மீட்டர் என்றால் ஒரு எச்சரிக்கை. ஏ.சி. ரேஞ்சில் வைத்தாலும் சில மீட்டர்கள் டி.சி.யையும் சேர்த்துப் படிக்கும். சுமார் 30 வோல்ட் என்று காட்டி, முனைகளை மாற்றிப் பிடித்ததும் பூஜ்யம் காட்டினால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு உதவாது. டயோடு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பெல்ட், ஃபேன் பக்கம் மீட்டர் வயர் தொங்காமல் முதலில் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

#4 · போடிமெட்டு

நன்றி அண்ணே. எடுத்தாச்சு.

1. 14.3
2. 12.6
3. 1.3
4. 0.4
5. 0.06, முனை மாற்றிப் பிடித்தாலும் அதே

பக்கத்தில் ஒருவரிடம் டி.சி. கிளாம்ப் மீட்டர் இருந்தது. பி பிளஸ் வயரில் 28 ஆம்ப் காட்டுகிறது.

#5 · ஓம்விதி

அளவுகள் சுத்தமாக இருக்கின்றன. 12.6, 1.3, 0.4 மூன்றையும் கூட்டினால் 14.3. எங்கேயும் முனை நழுவவில்லை. இந்தக் கூட்டல் பொருந்தாவிட்டால் மறுபடி அளக்க வேண்டியதுதான், யோசிக்கவே வேண்டாம்.

28 ஆம்ப் லோடில் தன் முனையில் 14.3 கொடுக்கும் ஆல்டர்னேட்டரை யாரும் மாற்றத் தேவையில்லை. பிரஷ் (ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை), ரோட்டர், ரெகுலேட்டர், பெல்ட் நான்குமே அந்த ஒரு அளவில் பாஸ். டயோடுக்கு ஐந்தாவது அளவு சாட்சி.

பாசிட்டிவ் பாதையில் 1.3 வோல்ட், 28 ஆம்ப். பெருக்கினால் 36 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு அந்த வழியில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. வயர் நெடுகப் பரவியிருந்தால் கைக்கு இளஞ்சூடாகத் தெரியும். ஒரே இணைப்பில் இருந்தால் பிளாஸ்டிக் உருகும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

#6 · கார்பன்பிரஷ்

அதேதான். இப்போது அந்த 1.3 எங்கே என்று துண்டு துண்டாகத் தேட வேண்டும். சிவப்பு முனை பி பிளஸ் போல்ட்டிலேயே இருக்கட்டும். கறுப்பு முனையை மட்டும் பேட்டரி நோக்கி நகர்த்துங்கள். முதலில் அந்தப் போல்ட்டில் மாட்டிய வயரின் லக் (நுனி வளையம்), அடுத்து ஃபியூசிபிள் லிங்க் (பெரிய ஃபியூஸ்) பெட்டியில் வயர் நுழையும் போல்ட், அடுத்து லிங்க்கின் மறுபக்கப் போல்ட், கடைசியாகப் பேட்டரி கிளாம்ப், குமிழ். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. லோடு போட்டபடியே அளக்க வேண்டும். கரண்ட் ஓடாதபோது கெட்ட இணைப்பும் 0.00 தான் காட்டும். இன்ஜினை நிறுத்தி கன்டினியூட்டி பீப் வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நூறு இழையில் மூன்று இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும்.

எர்த் பக்கமும் இதே முறை. ஆல்டர்னேட்டர் உடம்பு, பிராக்கெட், இன்ஜின் பிளாக், இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பட்டை, சேஸிஸ், பேட்டரி நெகட்டிவ்.

#7 · போடிமெட்டு

பாசிட்டிவ் பக்கம்: போல்ட் முதல் லக் வரை 0.02, லக் முதல் லிங்க் பெட்டி வரை 0.15, லிங்க்கின் இரு போல்ட்டுக்கு நடுவில் 1.05, மிச்சம் 0.08.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அடியில் விரல் நகம் கனத்துக்குக் காய்ந்த செம்மண். 100 ஆம்ப் லிங்க்கின் ஒரு போல்ட் கையாலேயே திரும்பியது. அந்தப் பக்கத் தகடு நீலம் பாய்ந்து, அடியில் கறுப்புப் படலம். சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளைந்திருக்கிறது. லிங்க் அறுபடவில்லை.

எர்த் பக்கம்: 0.4-இல் 0.33 இன்ஜின்-சேஸிஸ் பட்டையில். பின்னல் பட்டை, சேஸிஸ் முனையில் பாதி இழை அறுந்து தொங்குகிறது.

#8 · நாலுசக்கரம்

கல் பாதையில் ஓடும் வண்டிகளில் இந்த இரண்டும் சேர்ந்துதான் வரும். ரப்பர் மவுண்டில் இன்ஜின் ஒரு பக்கம் ஆட, சேஸிஸ் இன்னொரு பக்கம் முறுக, நடுவில் எர்த் பட்டைதான் மாட்டிக்கொள்கிறது. லோ-கியரில் முதல் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பானெட்டைத் திறந்து வைத்துப் பாருங்கள், புரியும். பட்டை இறுக்கமாக, நேராக இருந்தால் சீக்கிரம் அறும். கொஞ்சம் தொய்வு விட்டுத்தான் மாட்ட வேண்டும்.

எர்த் பட்டை முழுசாக அறுந்துவிட்டால் செல்ஃப் மோட்டாரின் 200, 300 ஆம்ப் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் லிங்க் என்று கிடைத்த இரும்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் செய்யும்போது ஏதாவது கேபிளின் உறை புகைந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

தண்ணீர் செய்யும் வேலை வேறு. பி பிளஸ்ஸில் சாவி போட்டாலும் போடாவிட்டாலும் 12 வோல்ட் நிற்கும். ஈரச் செம்மண் அதையும் உடம்பையும் தொட்டுக்கொண்டிருந்தால் வண்டி ஷெட்டில் நிற்கும்போதே செம்பு கரையும். பச்சைப் பூச்சு பாசிட்டிவ் லக்கில்தான் அதிகம் வருவது இதனால்தான். ஓடை தாண்டி வந்தால் வீட்டுக்குப் போய்க் கழுவுவதோடு நிற்காமல் பி பிளஸ் ரப்பர் தொப்பியைத் தூக்கி உள்ளே மண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

#9 · கார்பன்பிரஷ்

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

நெகட்டிவ் கிளாம்ப் முதலில் கழட்டி, கடைசியில் மாட்டுவது. லிங்க் அதே 100 ஆம்ப், அதே போல்ட் இடைவெளி உள்ளதாக வாங்குங்கள். அதற்குப் பதில் தடித்த வயரை நேராகப் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆல்டர்னேட்டர் டயோடு ஷார்ட் ஆகும் நாளில் பேட்டரி முழுசும் அந்த வயரில் இறங்கும், வண்டி தீப்பிடிக்கும். செய்யாதீர்கள்.

வளைந்த பெட்டியை மறுபடி பயன்படுத்த வேண்டாம். பிளாஸ்டிக் ஒருமுறை இளகினால் போல்ட் பிடிமானம் நிற்காது, நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் சூட்டில் தளரும். லக் முகத்தை 320 நம்பர் எமரியால் செம்பு பளபளக்கும் வரை தேய்த்து, துடைத்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு வெளியில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். உலோகத்துக்கு நடுவில் எதையும் பூச வேண்டாம்.

லக்குக்குள்ளேயே கறுப்பு ஏறியிருந்தால் வயரை நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்டிப் புது லக் கிரிம்ப் செய்யுங்கள். உங்கள் 0.15 வயர் நீளத்துக்குச் சரிதான், அதனால் வெட்ட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் உறையைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்.

எர்த்துக்கு 25 சதுர மில்லி மீட்டர் பட்டை. சேஸிஸ் பக்கம் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் உட்கார வைக்க வேண்டும். கூடவே ஆல்டர்னேட்டர் பிராக்கெட் போல்ட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு 16 சதுர மில்லி மீட்டர் வயர் ஒன்று தனியாக இழுத்துவிட்டால் பட்டை அறுந்தாலும் சார்ஜிங் நிற்காது. செலவு சொற்பம்.

பெல்ட் கத்துவது பாதி இதனால்தான். காலையில் காலியான பேட்டரி அதிக கரண்ட் இழுக்கும், ஈரமான பெல்ட் வழுக்கும். நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் 10-12 மில்லி மீட்டர் தாழ வேண்டும். பெல்ட்டின் சாய்வுப் பக்கம் கண்ணாடி மாதிரி மின்னினால் புதுசு போடுங்கள். புல்லி பள்ளத்தில் காய்ந்த மண் இருந்தால் குச்சியால் சுரண்டுங்கள். அந்த மண்ணோடு புது பெல்ட் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும்.

#10 · போடிமெட்டு

புதுப் பெட்டி, லிங்க், எர்த் பட்டை, கூடுதல் எர்த் எல்லாம் போட்டாயிற்று. 2000 ஆர்.பி.எம்., முழு லோடு: பேட்டரியில் 14.0. லோடு இல்லாமல் 14.3. பாசிட்டிவ் டிராப் 0.24, எர்த் 0.06. இருட்டிலும் விளக்கு சுத்தமாக அணைந்துவிட்டது.

ஒரே குறை. அன்று ஓட்டி நிறுத்தி, மறுநாள் காலையில் 12.31 தான் காட்டுகிறது. இன்னும் எங்காவது கரண்ட் கசிகிறதா?

#11 · ஓம்விதி

கசிவு என்று முடிவு செய்யும் முன் கணக்கு. 12.3 என்றால் பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேலே. 75 ஆம்ப்-ஹவரில் 35 போல உள்ளே போக வேண்டும். 14.3 வோல்ட் கிடைத்தாலும் பேட்டரி நிறைய நிறைய அது வாங்கும் கரண்ட் குறைந்துகொண்டே போகும். ஒரு மணி நேர ஓட்டத்தில் இது நிரம்பாது. வெளி சார்ஜரில் 7 ஆம்ப் வைத்து ஒரு ராத்திரி போடுங்கள். எடுத்த பிறகு சில மணி நேரம் ஓய்வு விட்டு அளந்தால் 12.6 சுற்றி நிற்க வேண்டும்.

பிறகு கசிவு பாருங்கள். சாவி எடுத்து, கதவெல்லாம் மூடி, நெகட்டிவ் வயரில் மீட்டரைத் தொடரில் போட்டு 50 மில்லி ஆம்ப்புக்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம். மீட்டர் மாட்டியபடி சாவி போட்டுவிடாதீர்கள், மீட்டரின் 10 ஆம்ப் ஃபியூஸ் போய்விடும். ஆல்டர்னேட்டரில் டயோடு கசிந்தால் இன்னொரு அடையாளம்: வண்டி நின்று பல மணி நேரம் கழித்தும் அதன் உடம்பு மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்.

#12 · போடிமெட்டு

கசிவு 22 மில்லி ஆம்ப். சார்ஜ் போட்டு எடுத்தபின் ஹைட்ரோமீட்டரில் ஆசிட் அடர்த்தி: ஐந்து அறை 1.245 முதல் 1.255 வரை. ஒரு ஓர அறை மட்டும் 1.185. அந்த அறையில்தான் மட்டம் குறைந்திருந்தது என்று டிஸ்டில்டு வாட்டர் ஊற்றப்பட்டது.

#13 · கார்பன்பிரஷ்

அறைகளுக்குள் 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால் பேட்டரி போச்சு என்பது பொது விதி. சேற்றில் ஓடும் வண்டியில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பக்கவாட்டுச் சாய்வில் ஓர அறையின் மூடி வழியாக ஆசிட் வெளியே வழியும். வழிந்தது ஆசிட், ஊற்றியது வெறும் தண்ணீர். அப்படியிருந்தால் அடர்த்தி குறையத்தானே செய்யும்? பிளேட் நல்லதாகவே இருக்கலாம். பேட்டரித் தட்டில் அந்த ஓரத்துக்குக் கீழே பெயின்ட் உரிந்து வெள்ளைப் பொடி இருந்தால் வழிந்ததுதான்.

பிரித்தறிய லோடு டெஸ்ட். பேட்டரிக் கடையில் கிராங்கிங் ஆம்ப்பில் (செல்ஃப் அடிக்கப் பேட்டரி தரக்கூடிய கரண்ட்) பாதியை 15 நொடி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி நொடியில் 9.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரியை வைத்துக்கொள்ளலாம். அந்த அறையின் அடர்த்தியைக் கடைக்காரரே ஆசிட் மாற்றிச் சரி செய்வார். நீங்களாக ஆசிட் ஊற்ற வேண்டாம். 9.6-க்குக் கீழே விழுந்து அந்த அறையில் மட்டும் குமிழி கிளம்பினால் பிளேட் உதிர்ந்து ஷார்ட் ஆகியிருக்கிறது, மாற்ற வேண்டியதுதான்.

பேட்டரியைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டம் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். கல் பாதையில் ஆடும் பேட்டரிக்குள் அறைகளை இணைக்கும் ஈயப் பாலமே விரிசல் விடும். அப்போது ஒரு சமயம் 12.6 காட்டி, செல்ஃப் அடித்ததும் எல்லாமே செத்துப்போகும், கிளாம்பைத் தட்டினால் மறுபடி வரும். கிளாம்ப் லூஸ் என்று நினைத்துப் பலர் அங்கேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

#14 · தேரிக்காடு

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு எதிர்மாறான தொந்தரவு. தேரி மணலில் (கடலோரச் செம்மணல் மேடு) ஓட்டி வந்த பிறகு சாவி போட்டால் பேட்டரி விளக்கு எரிவதே இல்லை. ஸ்டார்ட் செய்தால் 12.2. ஒருமுறை 2500-க்கு மேல் ரேஸ் பண்ணினால் 14.2 வந்துவிடும், அப்புறம் ஐடிலிங்கிலும் இறங்காது. நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் மறுபடி முதலிலிருந்து. பழைய 2.6 லிட்டர் டீசல்.

#15 · கார்பன்பிரஷ்

சார், உங்களுடையது எக்ஸைட்டேஷன் கோளாறு. ரோட்டருக்கு முதல் கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. அது வராததால் ரோட்டர் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்து, ரேஸ் பண்ணும்போது தானாகக் கிளம்புகிறது. கிளம்பிய பிறகு தன் கரண்டிலேயே ஓடும்.

ஆல்டர்னேட்டரின் சின்ன பிளக்கைக் கழட்டி, எல் வயரை ஒரு ஜம்பரால் இன்ஜின் உடம்பில் தொட்டு, சாவி போடுங்கள். விளக்கு எரிந்தால் வயரிங் நலம், கோளாறு ஆல்டர்னேட்டருக்குள். எரியாவிட்டால் பல்பு, மீட்டர் ஃபியூஸ், இல்லை நடுவில் வயர். இந்தத் தொடும் வேலை விளக்கு வகை வண்டிக்கு மட்டும். ஈ.சி.யு. கட்டுப்படுத்தும் வண்டியில் செய்தால் ஈ.சி.யு. போகும்.

உள்ளே என்றால் மணல் புகுந்து பிரஷ் அதன் கூட்டிலேயே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பிரிங் தள்ளினாலும் நகராது, ஸ்லிப் ரிங்கை (ரோட்டர் ஷாஃப்டில் உள்ள செம்பு வளையம்) தொடாது. பின் மூடியைக் கழட்டி ரெகுலேட்டரோடு பிரஷ் கூட்டை வெளியே எடுங்கள். விரலால் அழுத்தினால் இரண்டு கார்பனும் தடையில்லாமல் போய் வர வேண்டும். வெளியே நீட்டும் நீளம் 5 மில்லி மீட்டருக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். இரண்டு ஸ்லிப் ரிங்குக்கு நடுவில் 2 முதல் 4 ஓம், ரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் தொடர்பே இருக்கக் கூடாது. ரிங்கில் கறுப்புப் படலம் மட்டும் என்றால் 600 நம்பர் எமரியால் சுற்றித் துடைக்கலாம். விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் என்றால் லேத்துக்கு அனுப்ப வேண்டும்.

#16 · நாலுசக்கரம்

தேரி மணலுக்கு ஒரு துணுக்கு. அந்தக் கரையோர மணலில் இல்மனைட் கலந்திருக்கிறது. ஒரு நல்ல காந்தத்தை உள்ளே விட்டு எடுங்கள், கறுப்புத் துகள் ஒட்டி வரும். ஆல்டர்னேட்டருக்குள் ரோட்டரே ஒரு காந்தம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு காற்று ஊதுங்கள். லேசாக ஊதினால் எல்லாம் போய்விடாது, தூசி தட்டும் பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஊத வேண்டும். பேரிங் சீலை நோக்கி மட்டும் ஊதாதீர்கள், மணல் உள்ளே போகும்.

போடிமெட்டு, உங்கள் ஆல்டர்னேட்டர் இப்போது நன்றாக ஓடினாலும் சேறு அதன் ஜன்னல்களில் காய்ந்திருந்தால் காற்றோட்டம் அடைபடும், டயோடு சூட்டில் போகும். பேட்டரி கழட்டி, இன்ஜின் ஆறிய பிறகு, தோட்டக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரும் டீசல் தெளிப்பும் வேண்டவே வேண்டாம். டீசல் பட்ட கார்பன் பிரஷ் களிம்பாகிவிடும். காற்றால் உலர்த்தி, பிறகு லோடு இல்லாமல் கொஞ்சம் ஓடவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே கழுவினால் பத்து நிமிட வேலை. காய்ந்த செம்மண் செங்கல்தான்.

#17 · பழையடைனமோ

டெர்மினல் கழட்டுற விஷயம் பழைய வண்டியில எங்க காலத்து வழக்கம், கரண்ட் கணக்கு சொன்னது சரிதான். ஆனா வாக்குவம் பம்ப்பைப் பத்தி யாரும் பேசலையே. முதுகுல பம்ப் இருக்கிற ஆல்டர்னேட்டருக்கு ஆயில் பைப் போகும். அந்த சீல் தேஞ்சா ஆயில் ஆல்டர்னேட்டருக்குள்ள இறங்கி, சேத்தோட சேந்து பிரஷ் கூட்டுல பசை மாதிரி பிடிக்கும். பின்னாடி ஜன்னல்ல ஆயில் ஈரம் இருக்கான்னு பாருங்க. சீல் மாத்தாம பிரஷ் மட்டும் மாத்துனா கொஞ்ச நாள்ல திரும்ப அதே கதை.

இன்னொண்ணு. இந்த வண்டிகள்ல பெல்ட் அறுந்தா சார்ஜ் மட்டும் போகாது, பிரேக் பூஸ்டரும் போகும். பேட்டரியை வெச்சு வீடு போய் சேரலாம்னு மலையில இறங்கிடாதீங்க. மிச்ச வாக்குவம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். ஸ்பேர் பெல்ட் ஒண்ணு வண்டியிலேயே கிடக்கட்டும்.

#18 · நாலுசக்கரம்

பழையடைனமோ அண்ணன் சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. பெல்ட் அறுந்தால் வண்டியை இறக்கத்தில் எடுக்காதீர்கள், அங்கேயே மாற்றுங்கள்.

வின்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். 9500 பவுண்டு வின்ச் முழு இழுப்பில் 400 ஆம்ப் வரை கேட்கும். 70 ஆம்ப் ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கில் அதன் பாதியைக் கொடுத்தாலே அதிகம். மிச்சம் எல்லாம் பேட்டரி. ஆல்டர்னேட்டர் காற்றே இல்லாத சேற்றுக்குள் முழுத் திணறலில் வெந்துகொண்டிருக்கும். அரை நிமிடம் இழுத்துவிட்டு, 1500-இல் சில நிமிடம் ஓடவிட்டு, மறுபடி இழுங்கள். சேற்றுப் பயணத்தின் மறுநாள் டயோடு போகும் வண்டிகளில் பல இப்படி வெந்தவைதான்.

#19 · மழைநீர்

என்னுடையது பி.எஸ். 6 டீசல். ஓட்டும்போது சில நேரம் 12.8, சில நேரம் 14.8 காட்டுகிறது. இந்த இழையில் உள்ள எண்களை வைத்தால் கோளாறு மாதிரி தெரிகிறதே?

#20 · ஓம்விதி

உங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டரை ஈ.சி.யு. நடத்துகிறது என்றால் அது கோளாறில்லை. பேட்டரி நெகட்டிவ் கிளாம்பில் சின்ன சென்சார் ஒன்று இருக்கும். பேட்டரி நிறைவாக இருந்தால் சீராக ஓடும்போது வோல்டேஜை இறக்கி டீசலை மிச்சப்படுத்தும், பிரேக் பிடித்து இறங்கும்போது ஏற்றி பேட்டரிக்குள் தள்ளும். வெறும் வோல்டேஜ் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் மூன்றும் போட்டால் பல வண்டிகளில் 14-க்கு மேல் ஏறும். ஏறாவிட்டால் ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். டிராப் அளவுகள் மட்டும் உங்கள் வண்டிக்கும் அப்படியே பொருந்தும், பாசிட்டிவ் 0.3, எர்த் 0.2. ஜம்ப் ஸ்டார்ட்டுக்கும் சார்ஜருக்கும் நெகட்டிவ் கிளிப்பை அந்த சென்சாரில் மாட்டாமல் சேஸிஸ் எர்த்தில் மாட்டுங்கள்.

#21 · தேரிக்காடு

எல் வயரை எர்த்தில் தொட்டால் விளக்கு நன்றாக எரிகிறது, ஆனால் வெளிச்சம் வெள்ளையாக இருக்கிறது. மீட்டர் போர்டு பல்புகள் எல்லாம் எல்.இ.டி.யாக மாற்றப்பட்டிருக்கின்றன. பிரஷ் கூட்டை எடுத்தேன். ஒரு கார்பன் மணலில் சிக்கித்தான் இருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் சாவி போட்டால் விளக்கு எரிகிறது, ஆனால் இன்னும் 1800 வரை ரேஸ் பண்ண வேண்டியிருக்கிறது. ரோட்டர் 3.1 ஓம்.

#22 · கார்பன்பிரஷ்

மிச்சத் தொந்தரவு எல்.இ.டி.தான் சார். அது விடும் சில மில்லி ஆம்ப் ரோட்டரைக் கிளப்பப் போதாது. பழைய 2 அல்லது 3 வாட் இழை பல்பை அந்த ஒரு இடத்தில் மட்டும் திரும்பப் போடுங்கள். எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. சாவி போட்டு இன்ஜின் ஓடாதபோது அதில் 2 வாட் சூடு வரும், அதனால் மீட்டர் பிளாஸ்டிக்கைத் தொடாமல், வயர் பக்கம் தள்ளி, செராமிக் உடம்புள்ளதாகப் பார்த்து மாட்டுங்கள். ரெசிஸ்டரின் ஒரு முனை இக்னிஷன் பக்கம், மறு முனை எல் வயரில். தவறிப்போய் எர்த்தில் கொடுத்துவிட்டால் ஒரு பயனும் இருக்காது, சூடு மட்டும் வரும்.